ஞாயிறு, மூன்றாவது மாடி

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கினதும்
டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி.
லிஃப்ட் இல்லை. இருநூறு நாற்காலி, ஒரு மேடை.
மணிக்கு எழுநூறு ரூபாய், கரண்ட் தனி.
சாவி என்னிடம்.

சுவரில் ஓர் ஆணி.
சனி மாலை எங்கள் ஆர்.சி. ஜெபக்குழு
பாடுபட்ட சுரூபத்தை அதில் மாட்டும்.
ஞாயிறு ஏழு மணிக்கு
கோவில் கூரை வேலை இன்னும் முடியாத சி.எஸ்.ஐ.க்கு
வெறும் சிலுவை போதும்.
பன்னிரண்டுக்கு வரும் பிரதரன்காரர்கள்
அதையும் எடுத்துவிடச் சொல்வார்கள்,
கனிவாகத்தான்.
துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராமல்
மீட்டர் பெட்டிமேல் சாய்த்து வைப்பேன்.
ஆணியைப் பிடுங்கச் சொன்னவர்
இதுவரை யாரும் இல்லை.

அவர்கள் பிட்கும் ரொட்டி
முனைக்கடை ஐயங்கார் பேக்கரியில் வாங்கியது.
வெறும் ஞாபகார்த்தம் என்று அவர்களே சொல்லியும்
உதிர்ந்ததைப் பெருக்க எனக்குக் கை வராது.
விரலால் ஒற்றி எடுத்து
மொட்டைமாடித் தொட்டியில் போடுவேன்.
மூன்று மணிக்கு மிசோ பிள்ளைகள்
நாலு குரலில் பாடுவார்கள்.
ஒரு சொல் விளங்காது.
பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

என் பெயர் ராயப்பன்.
சி.எஸ்.ஐ. ஐயர் ‘பேதுரு’ என்பார்.
மலையாளத்துப் பெரியவருக்கு நான் பத்ரோஸ்.
எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.
நாற்காலி தூக்க ஆள் ஒருவன்தான்.

ஏழு மணி ஆராதனை முடிந்து
பொன்னுதுரை படி இறங்குவார்.
ஒன்பதரை பெந்தெகொஸ்தேக்கு லீதியாள் ஏறுவாள்.
கணவன் மனைவி.
நாலு வருஷம் முன்பு கே.ஆர். புரத்துத் தொட்டியொன்றில்
மறுபடி முழுகி எழுந்தவள்,
அன்றிலிருந்து காதும் கழுத்தும் வெறுமை.
இரண்டாவது மாடித் திருப்பத்தில்
ஸ்கூட்டர் சாவியும் பையனும் கைமாறும்.
‘பிரசங்கம் நீளமா?’
‘வழக்கம்போல.’

போன மாதம் ஒரு ஞாயிறு
காலையிலேயே கொட்டியது மழை.
டைல்ஸ் கடைக்குள் முழங்கால் தண்ணீர்.
இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை,
ஏற வேண்டியவர்கள் நனைந்து ஏறிவிட்டார்கள்.
கரண்ட் போனது.
இவர்கள் மைக்கும் அவர்கள் கீபோர்டும்
ஒன்றாய் ஊமையாயின.
அங்கி போட்ட ஐயரும் வெள்ளைச் சட்டைப் பாஸ்டரும்
ஒரே ஜன்னலில் நின்று
சாக்கடை வேலையைப் பற்றிப் பேசினார்கள்.
அதில் கருத்து வேற்றுமை இல்லை.
நாலு பாக்கெட் நந்தினிப் பாலில்
நூற்றைம்பது பேருக்கு டீ போட்டேன்.
அற்புதம் ஒன்றும் இல்லை. நிறையத் தண்ணீர்.

மனைவிக்குத் தலை துவட்டப்
பொன்னுதுரை கைக்குட்டையை உருவினார்.
கூடவே ஒரு கம்மல் தெறித்து
நாற்காலிகளுக்கு அடியில் உருண்டது.
அவள் பார்த்தாள். குனியவில்லை.

பிற்பகல் தனியாகப் படியேறி வந்தாள்.
‘பெருக்கும்போது எதுவும் கிடைச்சுதா அண்ணே?
கிடைச்சா அவர்கிட்டயே குடுத்துருங்க.
தேடுவாரு.’

சிவப்புக் கல். திருகாணி மட்டும் கிடைக்கவில்லை.
அடுத்த வாரம் கொடுத்தபோது
‘எப்பவாவது கேட்டா...’ என்று தொடங்கி
முடிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
அவள் வந்து கேட்டதை நான் சொல்லவில்லை.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

நேற்று ராத்திரி கதவைப் பூட்டும்போது
ஒரு தம்பி வந்தான், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
‘பிரிஞ்சு வந்துட்டோம். இப்ப ஒம்பது பேர்.
சபைக்கு இனிமேத்தான் பேர் வைக்கணும்.’
வியாழன் மாலை காலி என்றேன்.
உள்ளே எட்டி, சுவரைப் பார்த்தான்.
‘அந்த ஆணி தாங்குமா அண்ணே?’
எதை மாட்டப் போறீங்க என்று கேட்டேன்.
அதுவும் இன்னும் முடிவாகவில்லையாம்.